மூன்று மணி ஆட்டத்தில் விழாமல் நின்ற சிப்பாய்

1. முகத்தில் விழுந்த ஓட்டை

இப்போதுள்ள ஆபரேட்டர்கள் ஃபிலிம் எரிந்து பார்த்திருக்க மாட்டார்கள். எங்கள் காலத்து ஃபிலிம் வெடிமருந்துக்குத் தங்கச்சி. மெஷினில் ஓடிக்கொண்டிருக்கிற வரை சாது. விளக்குக்கு முன்னால் இருக்கிற 'கேட்' என்கிற சந்தில் ஒரு நொடி சிக்கி நின்றுவிட்டால் ஆர்க் லேம்பின் சூடு தாங்காது. திரையில் பழுப்பாக ஒரு புள்ளி வரும். அது கொப்பளிக்கும். பிறகு நடுவில் வெள்ளையாக ஓட்டை விழுந்து நாலாபக்கமும் விரியும். ஷட்டரை உடனே இறக்காவிட்டால் ரீல் முழுக்கப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் ஆபரேட்டருக்குக் கருமாதிதான்.

பேசாத படக் காலத்தில் கையால் சுற்றிப் பழகியவன் நான். பேசும்படம் வந்தபின் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு ராவுத்தர் முதலாளியின் கொட்டகையில் ஆபரேட்டர் ஆனேன். தகரக் கூரை, பலகைச் சுவர், பெஞ்சு. பெண்களுக்குத் தனிப் பக்கம், நடுவில் இடுப்பு உயரத் தடுப்பு. மெஷின் ஒன்றுதான் என்பதால் ஒவ்வொரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டு அடுத்த ரீலை மாட்டவேண்டும்.

ராஜா கதை ஒன்று புதிதாகப் போட்டு நாலு நாள் ஆகியிருந்தது. மெட்ராஸிலிருந்து கப்பலில் பினாங்கு வந்து, ஊர் ஊராக ஓடி, எங்களிடம் வரும்போதே பிரிண்ட் கிழவியாகியிருந்தது. அன்று மூன்று மணி ஆட்டம். யுத்தக் காட்சியில், கோட்டை வாசலில் சிப்பாய்கள் அம்பு பட்டு விழுகிற இடத்தில் ஃபிலிம் சிக்கி நின்றது. மூன்றாவது வரிசையில் ஈட்டியோடு நின்ற ஒரு சிப்பாயின் முகத்தில் சரியாக அந்த ஓட்டை விழுந்தது. கன்னம் கொப்பளித்து, கண் போய், முகமே வெள்ளையாகிவிட்டது.

ஷட்டரை இறக்கினேன். வழக்கமாக இந்த நேரத்தில் விசில் பறக்கும், பெஞ்சைத் தட்டுவார்கள். அன்று ஒரு சத்தமும் இல்லை. எட்டிப் பார்த்தேன். நாலாவது பெஞ்சில் ஒரு மனிதர் எழுந்து நின்று, இருட்டுத் திரையைப் பார்த்து, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது போல நிதானமாகச் சொன்னார்: "அது எம்புள்ள. எம்புள்ள முகத்த கொளுத்திட்டாங்க."

2. வாசலைக் காட்டிய கை

அந்த மனிதரைப் பற்றிச் சொல்லுமுன் அந்தக் காலத்துப் படங்களின் அப்பாக்களைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒரே கதையைக் கிரீடத்தை மாற்றி மாற்றி எத்தனை தடவை ஓட்டியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அப்பா என்றால் ராஜா, கொஞ்சம் மலிவான படமென்றால் ஜமீன்தார். மகன் தப்பே செய்யாதவன். மந்திரியோ இளையராணியோ கோள் சொல்வார்கள். நாட்டுக்கெல்லாம் நீதி சொல்கிற அப்பா இந்த ஒரு வழக்கை மட்டும் விசாரிக்க மாட்டார். கையை வாசலுக்கு நேராக நீட்டி, "இனி நீ என் மகனல்லன், என் கண்முன் நில்லாதே" என்பார். மகன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டான். கும்பிட்டு, ஒரு பாட்டும் பாடிவிட்டுப் போவான். கடைசி ரீலில் குற்றுயிராகத் திரும்பி வருவான். அப்பா மச்சத்தையோ மோதிரத்தையோ பார்த்து, "மகனே" என்று கதறுவார். மன்னிப்புக் கேட்கிற வேலையெல்லாம் கிடையாது. மகன்தான் அவர் காலைத் தேடிப்பிடித்து விழுவான். கொட்டகை முழுக்க மூக்கைச் சிந்தும்.

இதில் எனக்கு எரிச்சல் தருவது ஒன்று உண்டு. கை நீட்டுகிற அந்த இடத்துக்குத்தான் கைதட்டல் அதிகம். தட்டுகிறவர்கள் எல்லோரும் அப்பாக்கள். ரயில்வே லைனில் வெயிலில் கிடந்து, வெள்ளைக்காரத் தொரை சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வருகிறவர்கள். வீட்டிலாவது ராஜாவாக இருக்க ஆசை இருக்காதா? அந்தக் கையையும் வசனத்தையும் அவர்கள் குவார்ட்டர்ஸுக்கு எடுத்துப்போனார்கள். உப்பு குறைந்ததற்குப் பெண்டாட்டியிடம், "என் கண்முன் நில்லாதே" என்றவரை எனக்குத் தெரியும். அந்த அம்மா, "அப்ப நீங்களே அள்ளிப் போட்டுக்கங்க" என்று கரண்டியை வைத்துவிட்டுப் போனாள்.

நாலாவது பெஞ்சுக்காரர் பெயர் ரெங்கசாமி. ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தவர், தண்டவாள கேங்குக்கு மேஸ்திரி. அதிகம் பேசமாட்டார். ஒரே மகன் கோவிந்தனுக்கு, தொரையின் பங்களா வாசலில் நாள்கணக்கில் காத்து நின்று ஒரு ரயில்வே வேலை வாங்கிக் கொடுத்தார். பையன் சில மாதம் பார்த்துவிட்டு வேண்டாம் என்று வந்துவிட்டான். அப்பாவை எல்லோர் எதிரிலும் தொரை ஏசுவதைத் தினமும் பார்க்க முடியவில்லையாம். அதை அவன் அப்பாவிடமே சொல்லிவிட்டான்.

இது ஃபிலிம் எரிந்ததற்கு இரண்டு வருஷம் முந்தி. அவன் வேலையை விட்ட வாரம்தான் வேறொரு ராஜா படத்தை ரெங்கசாமி பார்த்திருந்தார். குவார்ட்டர்ஸ் வாசலில், அக்கம்பக்கம் பார்க்க, ராஜா நீட்டிய மாதிரியே கையை நீட்டினார். வசனத்தையும் ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எல்லோரும் அந்தப் படம் பார்த்தவர்கள். ஒருவன் கைகூடத் தட்டினானாம். அந்தச் சிரிப்பு நடுவில்தான் பையன் வீட்டை விட்டுப் போனான்.

ரெங்கசாமி அவனைத் தேடவில்லை. இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. படத்தில் எந்த அப்பாவும் தேடுவதில்லையே. கடைசி ரீலில் மகன் தானாக வந்துவிடுவான். அவரும் அதற்காகத்தான் காத்திருந்தார்.

3. அவர் வந்தால்தான் அறும்

எரிந்த இடத்தை வெட்டினேன். இரண்டு முனையிலும் ஃபிலிம் மேல் பூசிய மருந்தைச் சுரண்டி, சிமெண்ட் என்று நாங்கள் சொல்லும் ஃபிலிம் பசையைத் தடவி அழுத்தி ஒட்டினேன். ஒட்டு ஓடும்போது ஸ்பீக்கரில் 'டப்' என்று கேட்காமலிருக்க சவுண்ட் டிராக்கில் கறுப்பு மை பூசினேன். வெட்டுகிற ஒவ்வொரு முறையும் படத்தில் சில கட்டங்கள் போய்விடும். ஒரு விநாடிக்கு இருபத்துநாலு கட்டம் ஓடுகிறதென்பதால் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

மறுநாள் கேங் வேலை முடிந்து, மூன்று மணி ஆட்டத்துக்கு முன் ரெங்கசாமி என் ரூம் வாசலுக்கு வந்தார்.

"ஆபரேட்டர் தம்பி, ஒரு ஒதவி. அந்த எடத்துல கொஞ்ச நேரம் நிறுத்துங்க. சரியா பாத்துக்கறேன்."

"நிறுத்தினா நேத்து மாதிரி எரிஞ்சிரும்ண்ணே. மெஷின் அப்படி."

"அப்படின்னா அவன் விழறதுக்கு முந்தி நிறுத்துங்க. தெனம் விழறான் தம்பி. பெத்தவன் எத்தன வாட்டி பாக்கறது."

"அது நடிப்புண்ணே. கம்பெனியில கூலி ஆளுங்கள நிக்க வெச்சு எடுப்பாங்க."

"தெரியும். மெட்ராஸ் போயி கம்பெனியில சேந்திருக்கான். அப்பனுக்கு மொகத்த காட்ட வந்திருக்கான்." அவர் சிரித்தார். "ரயில்வே வேணாம்னவன் ராஜா வேலைக்குப் போயிட்டான் பாருங்க."

ரீலை மாட்டப் போனேன். அன்று மூன்று மணி ஆட்டத்தில் அதே இடத்தில் ஃபிலிம் அறுந்தது. இந்த முறை எரியவில்லை, பல்சக்கரத்தில் துளை கிழிந்து பட்டென்று அறுந்தது. ஒட்டினேன். ஆறு மணி ஆட்டத்தில் நன்றாக ஓடியது. மறுநாள் மூன்று மணிக்கு மறுபடி அறுந்தது. கேட்டைக் கழற்றித் துடைத்தேன். பல்சக்கரத்தைப் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். ஸ்பிரிங்கைத் தளர்த்தினேன். மூன்று மணி ஆட்டத்தில் அறுவதும் ஆறு மணி ஆட்டத்தில் ஓடுவதும் மாறவே இல்லை.

ஒரு நாள் ரெங்கசாமிக்குக் காய்ச்சல், வரவில்லை. அன்று மூன்று மணி ஆட்டம் தடங்கலில்லாமல் ஓடியது. மறுநாள் வந்தார், அறுந்தது. மெஷினைக் குறை சொல்வதை அன்றோடு விட்டேன்.

முதலாளி மேலே ஏறி வந்தார். "என்னா பாலு, வேணும்னே செய்யறியா? ஒரே எடத்துலயா தெனம் அறும்? பிரிண்ட்டுக்காரன் கேட்டா நான் என்னா சொல்றது? பெரிய சூசாவா போச்சு லா, தொல்ல புடிச்ச வேல."

"நீங்களே இங்க நின்னு பாருங்க முதலாளி."

நின்றார். மெஷினைப் பார்க்காமல் சதுர ஓட்டை வழியாக நாலாவது பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். யுத்தக் காட்சி வந்தது. ரெங்கசாமி மெதுவாக வலது கையை உயர்த்தி, திரையைப் பார்த்து உள்ளங்கையை விரித்தார். தண்டவாள வேலையில் டிராலியை நிறுத்தச் சொல்லிக் காட்டுகிற கை. ஃபிலிம் அறுந்தது.

முதலாளி ஏதோ ஓதிக்கொண்டே படியிறங்கிப் போனார். அதற்குப் பிறகு அவர் என்னைத் திட்டவில்லை. என் ரூமுக்கு வரவும் இல்லை.

4. மங்களம் அக்கா சொன்னது

ஒட்டி ஒட்டி அந்த இடம் தேய்ந்துகொண்டே வந்தது. முதலில் சிப்பாய் மார்பைப் பிடித்து, முழங்கால் மடங்கி, கீழே விழுவான். பிறகு மடங்குவதோடு நின்றது. அப்புறம் மார்பைப் பிடிக்கிறதும் போயிற்று. கடைசியில் சுற்றி நிற்பவர்கள் எல்லாம் விழ, அவன் மட்டும் ஈட்டியோடு நேராக நின்று நம்மைப் பார்ப்பான். உடனே காட்சி அரண்மனைக்குத் தாவிவிடும். எங்கள் பிரிண்டில் அவன் சாகவில்லை.

அவன் விழாமல் நின்ற அந்த நாளிலிருந்து ஃபிலிம் அறுவதும் நின்றது.

அந்த வாரத்தில் ஒரு காலை, ரீல்களைச் சுற்றிக்கொண்டிருந்தபோது ரெங்கசாமியின் சம்சாரம் மங்களம் வந்தாள். படி ஏறாமல் கீழேயே நின்றாள்.

"தம்பி, அந்தப் படத்த சீக்கிரம் வேற ஊருக்கு அனுப்பிருங்க."

"ஏன்க்கா? அண்ணன்தான் ஆசையா பாக்கறாரே."

"அதுக்குத்தான் சொல்றேன். ராத்திரியில எந்திரிச்சு ஒக்காந்து, எம்மவன் விழல, எம்மவன் விழலன்னு சொல்லிச் சிரிக்கறாரு."

"மெட்ராஸ்ல இருக்கற புள்ள, சினிமாவுலயாவது கண்ணுல படறானேன்னு சந்தோசந்தானேக்கா."

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இரண்டு படி ஏறி வந்தாள். "கோவிந்தன் மெட்ராஸ் போவல தம்பி. கப்பலே ஏறல. கிள்ளான் துறைமுகத்துல மூட்ட தூக்கறான். அன்னிலேருந்தே எனக்குத் தெரியும். அப்பா வந்து கூப்புடற வரைக்கும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். இவரு, அவனா வரட்டும்னு ஒக்காந்திருக்காரு. ரெண்டும் ஒரே ரத்தம்."

வெட்டி எடுத்த துண்டு ஒன்று மேசையில் கிடந்தது. எடுத்துப்போய்ப் படி வெளிச்சத்தில் அவளிடம் கொடுத்தேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். நான் எதிர்பார்த்தது, இது அவனில்லை என்று ஒரு வார்த்தை.

"அவன்தான்," என்றாள். "அந்த எடது புருவத்து வெட்டு, சின்னதுல மலாய்க்காரங்க கம்பத்துப் பக்கம் வேலியில விழுந்தது. ஆனா அவன் கிள்ளான்லதான் இருக்கான் தம்பி. போன வாரங்கூட பாத்துட்டு வந்தேன்."

துண்டை என் கையில் திணித்துவிட்டு முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டாள். நான் அதை மறுபடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இதற்கு இன்றுவரை என்னிடம் விளக்கம் கிடையாது. ஒரே சாயலில் ஏழு பேர் இருப்பார்கள் என்று ஊரில் சொல்வார்கள். அதைச் சொல்லித்தான் என்னைத் தேற்றிக்கொண்டேன். புருவத்து வெட்டும் ஏழு பேருக்கு இருக்குமா என்று யோசிக்காமல் விட்டுவிட்டேன்.

"அக்கா," என்றேன், "சத்தியமெல்லாம் போதும். போயி அந்தப் பையன இங்க வரச் சொல்லுங்க."

5. திரையை மறைத்தவன்

கோவிந்தன் ஒரு லோரியில் வந்து இறங்கினான். மூட்டை தூக்கித் தூக்கி ஒரு தோள் இறங்கியிருந்தது. வெயிலில் கறுத்து, கன்னம் ஒட்டி, வயசுக்கு மீறிய ஆளாகத் தெரிந்தான். இடது புருவத்தில் அந்த வெட்டு இருந்தது. நான் அதைத்தான் முதலில் பார்த்தேன்.

"அப்பா உள்ள இருக்காராண்ணே?"

"நாலாவது பெஞ்சு. போ தம்பி. வீம்பு பேசாத. நீயே போயி நில்லு."

"வீம்பெல்லாம் துறைமுகத்துலயே போச்சுண்ணே."

உள்ளே போனான். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ரூமுக்கு ஓடி, சதுர ஓட்டையில் கண்ணை வைத்தேன். யுத்தக் காட்சி ரீல் ஓடிக்கொண்டிருந்தது. கோவிந்தன் பெஞ்சுகளுக்கு நடுவே போய் அப்பாவுக்கு நேர் எதிரில் நின்றான். திரையின் வெளிச்சம் அவன் முதுகில் விழுந்தது. அவன் முதுகுக்குப் பின்னால், திரையில், அந்தச் சிப்பாய் ஈட்டியோடு நின்றான். ஒரே உருவம் பெரிதும் சிறிதுமாக. இத்தனை வருடத்துக்குப் பின்னும் அதை நினைத்தால் எனக்கு மயிர்க்கால் சிலிர்க்கிறது.

ரெங்கசாமி கழுத்தை ஒருபக்கம் சாய்த்து எட்டிப் பார்த்தார்.

"தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லு. எம்மவன மறைக்குது," என்றார்.

கோவிந்தன் அசையவில்லை. ரீல் முடிந்து விளக்கைப் போட்டேன். வெளிச்சத்தில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் மெஷினை விட்டுவிட்டுக் கீழே ஓடினேன்.

"அண்ணே, பாருங்க. ஒங்க கோவிந்தன். வந்துட்டான்."

ரெங்கசாமி அவனை மேலும் கீழும் பார்த்தார். கண்ணில் கோபம் இல்லை, வீம்பும் இல்லை. பழக்கமில்லாத ஆளைப் பார்க்கிற மரியாதைதான் இருந்தது. "சாயல் இருக்கு தம்பி," என்று என்னிடம் சொன்னார். "ஆனா எம்மவன் கொஞ்சம் நல்லா நிமிந்து நிப்பான்."

கோவிந்தனுக்கு முகம் கோணியது. அழுவான் என்று நினைத்தேன், அல்லது அவரைப் பிடித்து உலுக்குவான் என்று. அவன் ஒன்றும் செய்யாமல் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தான். நான் போய் அடுத்த ரீலை மாட்டினேன். கொட்டகை நிறைய ஜனம் இருந்தது, நிறுத்த முடியுமா?

வேலையில் ரெங்கசாமிக்கு ஒரு குறையும் இல்லை. தண்டவாளத்தைப் பார்ப்பார், கேங்கைக் கூப்பிடுவார், மார்க்கெட்டில் மீன்காரியிடம் பேரம் பேசுவார். பெண்டாட்டியைத் தெரியும், என்னைத் தெரியும். மகனை மட்டும் தெரியவில்லை. இவன்தான் கோவிந்தன் என்று மங்களம் அக்கா சத்தியம் பண்ணிச் சொன்னாள். பாசார் பக்கத்துக் கோயில் பண்டாரத்தைக் கூட்டிவந்து திருநீறு போட்டாள். அவர் எல்லோரையும் பாவம் போலப் பார்த்தார். தன் மகன் இனி வரமாட்டான் என்று பயந்து, ஒப்புக்கு யாரையோ கூட்டிவந்து நிறுத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

அந்தப் படம் எங்களிடம் இருந்த மிச்ச நாளெல்லாம் கோவிந்தன் மூன்று மணி ஆட்டத்துக்கு வந்தான். அப்பா பக்கத்தில் உட்கார்ந்தான். அந்த இடம் வரும்போது அவர் அவன் தொடையில் தட்டி, "அந்தா பாரு தம்பி, மூணாவது வரிசை," என்பார்.

"பாத்தேன். நல்ல பையன்," என்பான் கோவிந்தன்.

பிரிண்ட் ஈப்போவுக்குப் போகவேண்டிய நாள் வந்தது. கடைசி ஆட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகும் ரெங்கசாமி வெள்ளைத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கோவிந்தன் அவர் கையைப் பிடித்து எழுப்பினான்.

"வாங்க. வீடு வரைக்கும் வரேன்."

"தெனம் என்கூடவே சுத்தறியே தம்பி. ஒங்கப்பா ஒன்னத் தேடமாட்டாரா?"

"தேடிக்கிட்டுத்தான் இருக்காரு," என்றான் கோவிந்தன்.

6. கேட்டுக்கொண்ட உதவி

துறைமுக வேலையை விட்டுவிட்டு கோவிந்தன் குவார்ட்டர்ஸிலேயே தங்கிவிட்டான். வாடகைக்கு இருக்கிற பையன் என்றுதான் அப்பாவிடம் சொல்லி வைத்தார்கள். அவர் அவனிடம் மிக மரியாதையாக நடந்துகொண்டார். பெற்ற மகனிடம் ஒரு நாளும் அப்படிப் பேசியதில்லை என்று மங்களம் அக்கா என்னிடம் சொல்லி அழுதாள். அவன் தட்டில் மீன் இருக்கிறதா என்று பார்ப்பார். வேலைக்கு எங்கே போகப் பிடிக்கும் என்று கேட்பார். வேண்டாம் என்று அவன் சொன்னால், "சரி, ஒன் இஷ்டம்" என்பார்.

ஒரு மழைக்காலத்தில் நெஞ்சுச்சளி முற்றி அவர் படுத்துவிட்டார். பார்க்கப் போயிருந்தேன். பகல் வேளை. கோவிந்தன் அவர் காலடியில் உட்கார்ந்து கால் பிடித்துக்கொண்டிருந்தான். ரெங்கசாமி என்னைப் பார்த்தார். "படம் திரும்ப வருமா தம்பி?" என்றார். வரும் என்று பொய் சொன்னேன். கொஞ்சநேரம் கழித்து கோவிந்தனைப் பக்கத்தில் வரச் சொன்னார்.

"தம்பி, ஒன்கிட்ட ஒண்ணு கேக்கணும். கேக்கக் கூடாததுதான். எம்மவன் அதுக்குள்ள வந்து சேருவானோ மாட்டானோ. அவன் வரலேன்னா, நீ எனக்குக் கொள்ளி வெப்பியா? ஒங்கப்பா கோவிச்சுக்குவாரா?"

"கோவிச்சுக்க மாட்டாரு. வெக்கறேன்ப்பா."

அந்த வீட்டுக்குத் திரும்பி வந்தபின் அவன் அவரை 'அப்பா' என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் அவன் தலையில் கை வைத்தார். "அவன் மேல தப்பில்ல தம்பி. நாந்தான் அன்னிக்குக் கைய நீட்டிட்டேன். அவன் வந்தா, நான் சொன்னேன்னு நீ சொல்லிரு. என்ன மன்னிக்கச் சொல்லு," என்றார்.

நான் ஓட்டிய படங்களில் எந்த ராஜாவும் சொல்லாத வார்த்தை அது. அதைக் கேட்கவேண்டியவன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். கேட்டும் விட்டான். "சொல்லிடறேன்," என்றான்.

இந்தத் தொழிலில் இருக்கிற இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். படம் போடுவதோடு நம் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். கீழே உட்கார்ந்திருப்பவன் திரையில் பார்த்ததை வீட்டுக்குக் கொண்டுபோகிறான். படத்து அப்பாவுக்குக் கடைசி ரீல் எழுதிக்கொடுக்க ஆள் இருந்தது, நமக்கு இல்லை. எனக்கும் இரண்டு பையன்கள். அவர்கள் என்ன செய்தாலும் நான் கையை நீட்டியதில்லை. நீட்டத் தோன்றியபோதெல்லாம் பின்னால் கட்டிக்கொண்டேன்.

ரெங்கசாமியை எரித்தது ஒரு மத்தியானம். மழை விட்டிருந்தது. ஈர விறகு பிடிக்க நேரமாயிற்று. தோளில் சுமந்த குடத்தை உடைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போ என்று கோவிந்தனிடம் பெரியவர்கள் சொன்னார்கள். அவன் திரும்பிப் பார்த்தான்.